குட்டை மூக்குப் புறா

நெஞ்சை ஒரு கையால் பிடித்தபடி, சம்பந்தி வீட்டு மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார் தையல்காரர். முகமெல்லாம் வியர்வை.

"அப்பா! என்னப்பா பண்ணுது? நெஞ்சு வலிக்குதா?" அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய மகள் பதறிப்போய் ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. வெயில்."

"வெயிலுக்கு யாராவது நெஞ்சைப் பிடிப்பாங்களா? முதல்ல உட்காருங்க. மாமா, கொஞ்சம் வாங்களேன்!"

மாமனார் பல் செட் கட்டுகிறவர். அவர் கட்டிய பல்லைப் போட்டுக்கொண்டு ஒருவர் சிரித்தால், எது பிறவிப் பல், எது பட்டறைப் பல் என்று பல் டாக்டரே திணறுவார். கையில் அப்பிய பல் அச்சு வார்க்கும் மாவோடு ஓடி வந்தவர், சம்பந்தியின் நெஞ்சை நீவிவிடப் போனார்.

"தொடாதீங்க!" என்று அலறினார் தையல்காரர். பிறகு குரலை இறக்கி, "எனக்குக் கூச்சம் ஜாஸ்தி, சம்பந்தி" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார்.

அவருக்கு வலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சட்டையின் உள்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த பையில் இரண்டு முட்டைகள் கதகதப்பாக இருந்தன.

சம்பந்தி வீட்டு மாடியில் மரத்தால் செய்த மூன்றடுக்குப் புறா மாடம் உண்டு. கீழே சாதாப் புறா, நடுவில் வாலை விசிறியாக விரிக்கும் லக்கா, மேல் அடுக்கில் குட்டை மூக்கு. உருண்டைத் தலை, நெஞ்சில் சுருள் சுருளாக இறகு, அரிசி மணியளவு மூக்கு. பார்த்த அன்றே தையல்காரரின் மனசு அந்த மேல் அடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. எத்தனையோ தடவை வாய்விட்டுக் கேட்டும் சம்பந்தி மசியவில்லை.

"அந்த மூக்கை வச்சுட்டு அது தன் தீனியைப் பொறுக்கறதே பெரும்பாடு. குஞ்சுக்கு எங்க ஊட்டும்? நீங்க முதல்ல சாதாப் புறா வளர்த்துப் பழகுங்க, சம்பந்தி."

சாதா! அந்த ஒரு வார்த்தை தையல்காரருக்கு ஊசியாகக் குத்தியது. "பொண்ணையே குடுத்திருக்கேன். ஒரு ஜோடி புறா குடுக்க மனசு வரலை பாரு" என்று மனைவியிடம் பொருமினார். ஆனாலும் ஒரு ஜோடி சாதாப் புறா வாங்கினார். அவை முட்டையிட்டதும் அந்த முட்டைகளைக் கொண்டுபோய்க் குட்டை மூக்குக்கு அடியில் வைத்துவிட்டு, அங்கே இருந்ததை எடுத்து வந்து தன் புறாவுக்கு வைத்தார். எண்ணிக்கை சரியாக இருக்கும், யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மகள் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள் என்ற நினைப்பு மட்டும் அவ்வப்போது வந்து போனது. என்ன செய்ய, ஆசை வெட்கம் அறியாது.

அன்றிலிருந்து தையல் மெஷின் கீழே தூங்கியது. தையல்காரர் மாடியில் காவல் இருந்தார்.

"தைக்கக் குடுத்தவங்க வாசல்ல நிக்கிறாங்க. கரு இருக்கான்னு வெளிச்சத்துல காட்டிப் பார்த்துட்டு இறங்கி வாங்களேன்" என்றாள் மனைவி.

"உயர்ந்த ரகம்டி. சும்மா சும்மா கை வைக்கக் கூடாது."

பொரிக்க வேண்டிய நாள் வந்தது, போனது. அதற்கு மேலும் சில நாள் பொறுத்துப் பார்த்த புறா ஜோடி, வெறுத்துப்போய்க் கூட்டைவிட்டே இறங்கிவிட்டது.

"முட்டைதான் கூமுட்டையா, இல்ல..." என்று இழுத்த மனைவி, அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

தையல்காரருக்குச் சோறு இறங்கவில்லை. வந்த வழி சரியில்லை, அதுதான் தங்கவில்லை என்று அவருக்கே தோன்றியது. உயர்ந்த ரகத்து உயிர் இரண்டை வீணாக்கிவிட்டோமே என்று உண்மையாகவே அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தி வந்தார், கையில் துணி மூடிய கூடையோடு. பின்னாலேயே மகள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

"எங்க வீட்ல ஒரு அதிசயம், சம்பந்தி. குட்டை மூக்குக்கு அடியில ரெண்டு குஞ்சு பொரிச்சிருக்கு. பாருங்க!"

துணியை விலக்கினார். நீள மூக்கோடு இரண்டு சாம்பல் நிறக் குஞ்சுகள் கழுத்தை நீட்டின. தையல்காரர் வீட்டுப் புறாவை அப்படியே உரித்து வைத்திருந்தன.

"ரகம்னா... சில சமயம் மாறியும் பொறக்கும்" என்றார் தையல்காரர், கூடையைப் பார்க்காமல்.

"பொறக்கும், பொறக்கும்." சம்பந்தி கூடையை அவர் மடியிலேயே வைத்தார். "சாதாப் புறா வளர்த்துப் பழகுங்கன்னு சொன்னப்ப உங்களுக்குக் கோவம். குட்டை மூக்கு முட்டை போட்ட அன்னிக்கே அதை எடுத்து, கீழ இருக்கற சாதாப் புறாவுக்கு வச்சிடுவேன். அதுதான் அடைகாத்து, ஊட்டி வளர்க்கும். இந்தக் குஞ்சுகளுக்கும் அதுதான் ஊட்டுச்சு. இப்ப உங்ககிட்டயும் சாதா இருக்கு, அடுத்த ஈட்டு முட்டையில ஒரு ஜோடிக் குஞ்சு உங்களுக்குத்தான்."

தையல்காரரின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் வாய் முந்திக்கொண்டது.

"அப்படின்னா மேல் அடுக்குல இருந்த முட்டை?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மகள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சம்பந்தி மட்டும் சிரிக்காமல் சொன்னார்:

"தாய் தேடக் கூடாதேன்னு பல் செட் மாவுல நான் வார்த்து வச்ச டம்மி, சம்பந்தி. நீங்க நெஞ்சைப் பிடிச்சிருக்கவே வேண்டாம், உடையாது!"