எப்ப சார் கரண்ட் போகும்?

“இன்னும் போகலியே சார்!” என்றார் மணவாளன். தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த ட்யூப்லைட்டைப் பரம விரோதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மணி பதினொன்றரை. சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கிற டேட்டா சென்டர் அது. வங்கிகளின் தகவல்களை சர்வர்களில் பத்திரமாக வைத்துக் காப்பாற்றுகிற இடம். மணவாளன்தான் முதலாளி.

எதிர் நாற்காலியில் சென்னையிலிருந்து வந்த வங்கி அதிகாரி சித்தார்த். கரண்ட் போனாலும் இங்கே சர்வர் நிற்காது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு அவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஐந்து வருஷத்துக்கு அந்த வங்கியின் வேலை இங்கேதான். போடாவிட்டால் கதவைச் சாத்திவிட்டு, மணவாளனையும் சேர்த்துப் பதினோரு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதற்காகவே போன வாரம் புது ஜெனரேட்டர் வந்து இறங்கியிருந்தது. பழையது மாதிரி இருட்டில் தடவிக்கொண்டு ஓடிப்போய்க் கிளப்ப வேண்டாம், கிளம்பினால் ஊரைக் கூட்டாது. கரண்ட் போனதும் விளக்கு ஒரு தரம் இமைக்கும், அதற்குள் அது தானே ஓட ஆரம்பித்துவிடும். கட்டடத்துக்குப் பின்னால் மூடி போட்ட பெட்டிக்குள் இருப்பதால் சத்தமும் உள்ளே கேட்காது.

ஆக, விளக்கு ஒரே ஒரு தரம் இமைக்க வேண்டும். 2012ல், கடலூர் மாவட்டத்தில், இதைவிடச் சுலபமாக நிறைவேறக்கூடிய ஆசை ஒரு மனுஷனுக்கு இருக்க முடியுமா?

“வேணும்னா மெயினை ஆஃப் பண்ணிக் காட்டட்டுமா சார்?” என்று குழைந்தார் மணவாளன்.

“அதெல்லாம் எல்லா ஊர்லயும் காட்டறாங்க. எங்க ரூல்ல ‘உண்மையான மின்தடை’ன்னு போட்டிருக்கு. கரண்ட் அதுவா போகணும், நான் இருந்து பாக்கணும்.”

அந்த ரூலை எழுதிய புண்ணியவான் நிச்சயமாக ஏசி அறையில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பார்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மின்வெட்டு என்று பேப்பரில் போட்டிருந்தது. அதை நம்பி எட்டரைக்கே எல்லோரும் வந்து, விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்தாயிற்று. ஒன்பது அடித்தது, பத்து அடித்தது. விளக்கு கல்யாண வீடுபோல் ஜகஜ்ஜோதியாக எரிந்தது.

ஜெனரேட்டர் பார்க்கும் ஆரோக்கியராஜிடம் மணவாளன் நேற்றே கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார். “நாளைக்கு ஆபீசர் போறவரைக்கும் ஜெனரேட்டரை வுட்டு நகராதே. அந்த எண்ணெய்ச் சட்டையோட உள்ள வந்து என் மானத்தை வாங்காதே.” கம்பெனியின் கௌரவத்தில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

சர்வர் பார்க்கும் கயல்விழி கண்ணை மூடி முணுமுணுத்தாள். “தில்லைக் காளியம்மா, ஒரு அஞ்சு நிமிஷம் போனாப் போதும் தாயே.”

சித்தார்த் சோம்பல் முறித்தார். “பரவால்லியே சார், உங்க ஊர்ல கரண்ட் ஜோரா இருக்கு. நெய்வேலி பக்கத்துல இருக்கில்ல!”

மணவாளன் பல்லைக் கடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். தன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த லைன்மேன் கொளஞ்சியப்பனுக்குப் போன் போட்டார்.

“மச்சான், ஒரு ஒதவி பண்ணு. எங்க லைனை ஒரு அஞ்சு நிமிஷம் கட் பண்ணி வுடேன்.”

அந்தப் பக்கம் கொளஞ்சியப்பன் எகிறினார்.

“ஏன்டா, காலையிலேர்ந்து ஊரே போன் போட்டுத் திட்டித் தீத்துடுச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி. அதுலயும் ஒனக்கு நக்கல் வேறயா?”

“நெசமாத்தான்டா கேக்கறேன். ஒன் கால்ல வேணும்னாலும் வுழறேன்.”

“வைடா போனை!”

திட்டு வாங்கிக்கொண்டு மணவாளன் உள்ளே வந்தார். பன்னிரண்டரைக்கு சித்தார்த் ஃபைலைத் திறந்து, ‘ஜெனரேட்டர் இயங்குவதை நேரில் காண முடியவில்லை. பரிந்துரைக்க இயலாது’ என்று நிதானமாக எழுதினார்.

“சார், இன்னும் ஒரே ஒரு மணி நேரம்...”

“தப்பா எடுத்துக்காதீங்க. பாக்காததைப் பாத்தேன்னு நான் எப்படி எழுதறது? புதுச்சேரில ஒரு சென்டர் இருக்கு, சாயங்காலம் அங்க போகணும்.” காரில் ஏறிக்கொண்டு கண்ணாடியை இறக்கினார். “அதோட, இவ்வளவு நல்லா கரண்ட் வர்ற ஊர்ல உங்களுக்கு எதுக்கு சார் ஜெனரேட்டர்?”

கார் போய்விட்டது. மணவாளன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கயல்விழிக்கும் மற்றவர்களுக்கும் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஆரோக்கியராஜ் வந்தான். கையில் காலி டீசல் கேன், உடம்பில் அதே எண்ணெய்ச் சட்டை. கார் போன திசையை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டான்.

“ஆபீசர் போயிட்டாருங்களா சார்?”

“போயிட்டாரு. நம்ம பொழப்பும் போயிடுச்சு. இன்னிக்குன்னு பாத்து இந்தப் பாழாப்போன கரண்டு போகவே இல்லியேடா!”

ஆரோக்கியராஜ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“கரண்டா? அது காலையில ஆறு மணிக்கே போயிடுச்சே சார், இன்னும் வரல.”