உச்சிப் பாறைக்காரன்

எந்த மலை என்று கேட்காதீர்கள். அங்கே உச்சிப் பாறையைப் பிடித்துத் தலைவனான நாள் முதல் குரங்கு மாயனுக்கு முடி கொட்டியது. அவன் அக்கா செம்பிக்கு ஒரே ஆச்சரியம். அடியில் கிடப்பதால் வரும் வயிற்றுவலி மேலே போய்விட்டால் தீர்ந்துவிடும் என்று சொன்னவன் இவன்தானே?

"தம்பி, ஏதாவது சாப்பிட்டியாடா?"

"குனிஞ்சு சாப்பிட்டா எவனாவது பாறையைப் பிடிச்சுக்குவான். நீ அடியில கிடக்கிற, உன் முடி மட்டும் எப்படிக்கா மினுங்குது?"

"அடியிலயா? யார் சொன்னா? எனக்குப் பேன் பார்க்க நாலு பேர் வர்றாங்கடா! அந்தப் பக்கத்துக் கிளை நீலிக்கு ஒருத்திதான்."

உச்சிப் பாறைக்காரன் யாருக்கும் முதுகைக் காட்டக் கூடாது என்பது அங்கத்திய வழக்கம். மாயன் தயங்கித் தயங்கி இறங்கி வந்து, அக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவள் இரண்டு பேன் எடுப்பதற்குள் குறட்டை விட்டான். பாறை காலியாகத்தான் கிடந்தது, ஒருவரும் ஏறவில்லை.

செம்பி சிரித்தபடி நிமிர்ந்தாள். தலைவனுக்குப் பயந்து, அவளுடைய தோழிகள் நாலு பேரும் நீலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"அவன் தூங்குறான், வாங்கடி!"

ஒருத்தியும் திரும்பவில்லை.

செம்பிக்கு அடிவயிற்றில் சுருக்கென்றது. இதென்ன புதுசாக என்று குனிந்து தன் வயிற்றையே பார்த்தாள்.