இரட்டை ஒன்பது

மத்தான்சாஸின் காலை வெயிலில் டாக்சி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது. கியூபாவை விட்டே கிளம்பும் யமில்காவின் மடியில் எவுசேபியோ தாத்தா தன் டோமினோ பெட்டியை வைக்கிறார். நாற்பது வருடம் தெருமேஜையில் அறைந்து ஓரம் தேய்ந்த காய்கள், பழைய பற்களைப்போல மஞ்சளித்திருக்கின்றன. "கூட ஆடுன மூணு பேரும் கடல் தாண்டியாச்சு. நான் யார்கூட ஆடறது? எடுத்துட்டுப் போ. எண்ணிக்கோடி, கிழவன் ஏமாத்திட்டான்னு அங்க போய்ச் சொல்லாத." எண்ணுகிறாள். ஐம்பத்தைந்து இருக்கவேண்டிய இடத்தில் ஐம்பத்துநான்கு. இரு பாதியிலும் ஒன்பது புள்ளி உள்ள காய், இரட்டை ஒன்பதைக் காணவில்லை. அது ஒன்று குறைந்தாலும் ஆட்டம் கிடையாது; அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். நிமிர்கிறாள். தாத்தா சட்டைப்பையை உள்ளங்கையால் பொத்தியபடி, தெருவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். யமில்கா பெட்டியை மூடுகிறாள். "எல்லாம் சரியா இருக்கு தாத்தா."