ஒரு எம்பிக்குள்ள ஏழு பேர்

'படம் மிகவும் பெரியது. ஒரு எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது.'

நாலாவது தடவையா ஃபோன் இதையே சொல்லுச்சு. லிஃப்ட்காரர் அதைத் தொடையில ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தாரு. தட்டினா சரியாக அது என்ன பழைய ரேடியோவா?

"என்னங்க, ஏறுச்சா?" அடுப்படியில இருந்து வீட்டம்மா குரல்.

"ஏற மாட்டேங்குது. ஓவர்லோடாம்."

இருபத்திரண்டு வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்ணவரு. ஓவர்லோடுக்கு அவருக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான். யாராவது ஒரு ஆளு வெளிய இறங்கணும்.

படத்துல இருந்ததோ ஏழு பேரு. ஏழு பேரும் ஒரே கம்பெனி. கம்பெனியை மூடி ரெண்டு மாசமாச்சு. இப்ப ஏழு பேருக்கும் ஒரே உத்தியோகம்: வீட்டுல மல்லாந்து படுத்து ஃபேனை எண்ணுறது.

லிஃப்ட் வேலைக்காரங்க எல்லாம் சேர்ந்து நடத்துற வெப்சைட் ஒண்ணு இருக்கு. புதுக் கம்பெனி ஒண்ணு அதுல அறிவிச்சிருந்தது. 'சேர்ந்து வேலை பார்த்த குழுதான் வேணும். குழுவா எடுத்த படம் ஒண்ணே ஒண்ணு போடுங்க. படத்துல இருக்கிறவங்க திங்கட்கிழமை நேர்ல வரலாம். இன்னிக்கு அஞ்சு மணியோட கடைசி.'

மணி இப்பவே நாலரை. ஏழு பேரும் நிக்கிற ஒரே படம் இவரு ஃபோன்லதான் இருக்கு. மக இருந்தா பார்த்துக் குடுத்திருப்பா. டியூஷன் முடிஞ்சு அவ வர ஆறு மணியாகும்.

"அப்ப ஒரு ஆளை வெட்டி விடுங்க" வீட்டம்மா கையைத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க.

"நடுவுல நிக்கிறவனை எப்படி வெட்டுறது? ஓரத்துல நிக்கிற ஆளைத்தான் வெட்ட முடியும்."

"ஓரத்துல யாரு?"

"அந்தப் பக்கம் சிடுமூஞ்சி. இந்தப் பக்கம்..."

"சிடுமூஞ்சியா! அப்புறம் என்ன யோசனை? வெட்டுங்க அவனை. ரெண்டு வருஷமா உங்ககிட்ட மூஞ்சி குடுத்துப் பேசினானா? ஒரு ஸ்பானருக்கு!"

"பதினேழாம் நம்பர் ஸ்பானர். அவன் ஆசையா வெச்சிருந்தது. நான்தான் லிஃப்ட் குழிக்குள்ள போட்டுட்டேன்."

"போட்டா? குழிக்குள்ள விழுந்தது ஸ்பானர்தானே, அவன் ஒண்ணும் இல்லையே!"

ஃபோன் அடிச்சுது. பேரைச் சொல்லி வாய் மூடல, சிடுமூஞ்சியேதான்.

"என்ன, படம் போட்டாச்சா?"

"பெருசா இருக்காம்யா. ஒரு ஆளைக் குறைக்கணும் போல."



"குறைச்சுக்க. ஓரத்துல நிக்க வெச்சதே அதுக்குத்தானே. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு, அதை மட்டும் மறந்துடாத."

டொக்குனு வெச்சுட்டான்.

"பார்த்தீங்களா வாயை! இதுக்கு மேலயும் அவனுக்குப் பாவம் பார்த்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்." வீட்டம்மா பொரிஞ்சுக்கிட்டே உள்ள போயிட்டாங்க.

லிஃப்ட்காரர் ஃபோனைத் திரும்பக் கையில எடுத்தாரு. ரெண்டு மாசமா யார் யாருக்கோ ஃபோன் பண்ணி, 'பார்க்கலாம்'ங்கிற பதிலைக் கேட்டுக் கேட்டுக் காதே ஓய்ஞ்சு போச்சு.

கண்ணாடியைத் துடைச்சு மாட்டினாரு. வெட்டுற பட்டனை அழுத்தி, ஓரத்துக் கோட்டை விரலால தள்ளினாரு. ஸ்பானர் புடிச்ச விரலாச்சே, கோடு எங்கயோ போய் நின்னுச்சு. திரும்பத் தள்ளினாரு. கண்ணை மூடிக்கிட்டு அனுப்பினாரு.

பச்சை டிக் விழுந்துச்சு. மணி நாலு ஐம்பத்தாறு.

"ஏறிடுச்சு."

"வெட்டிட்டீங்கள்ல?"

"வெட்டியாச்சு."

"அப்பாடா! இப்பத்தான் எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கு."

ஆறு மணிக்கு மக வந்தா. பையைக்கூடக் கழட்டல, கதையைக் கேட்டுட்டுத் தலையில கை வெச்சுக்கிட்டா.

"எதுக்குப்பா வெட்டினீங்க? 'சின்னதாக்கு'ன்னு பக்கத்துலயே ஒரு பட்டன் இருக்கே! ஏழு பேரும் ஜம்முனு ஏறியிருப்பாங்க. ஆளை இறக்கி விட இது என்ன லிஃப்டா?"

அவரு வாயைத் திறக்கிறதுக்குள்ள ஃபோன் அடிச்சுது. மக ஸ்பீக்கர்ல போட்டா.

"யோவ்! படத்தைப் பார்த்தேன்யா." சிடுமூஞ்சி குரல்.

வீட்டம்மா முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு வந்து நின்னாங்க, சண்டைக்கு ரெடியா.

"ஆறு பேரு நிக்கிறோம். நான்கூட இருக்கேன். அந்த ஓரத்துல நிக்கிற நம்ம பல்லன் தோள்ல ஒரு கை மட்டும் தொங்குது, உடம்பைக் காணோம். அது யாரு கைய்யா?"

வீட்டம்மா ஃபோனைப் பார்த்தாங்க. அப்புறம் புருஷன் கையைப் பார்த்தாங்க. அப்படியே நாற்காலியில உட்கார்ந்துட்டாங்க.

"லிஃப்ட் கத்துச்சுன்னா ரிப்பேர்காரன்தானே முதல்ல இறங்கணும்" லிஃப்ட்காரர் தரையைப் பார்த்துச் சொன்னாரு. "பழகிப் போச்சுய்யா."

"கிழிச்ச. நாங்க மட்டும் யாராம், ஐஸ் விக்கிறவனுங்களா? படத்துக்குத்தான்யா ஒரு எம்பி. கீழ எழுதுறதுக்கு அளவே கிடையாது. எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"'தோள்ல தொங்குற கைக்கு ஆளு உண்டு. அவரு இல்லாம நாங்க ஆறு பேரும் வர மாட்டோம்'னு. மத்த அஞ்சு பேரும் கீழ பேரு போட்டுட்டானுங்க. கம்பெனிக்காரனும் 'சரி, ஏழு பேரும் வாங்க'ன்னுட்டான்."

வீட்டம்மா இடுப்புல சொருகின முந்தானையை உருவிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

"கேக்குதாய்யா? திங்கட்கிழமை ஒன்பது மணி. வரும்போது அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பானர் ஒண்ணு வாங்கிட்டு வந்து சேரு."