நாசரேத்தின் வெயில் இயந்திரம்

விஞ்ஞான உலகம் மூச்சைப் பிடித்துக் காத்திருந்த நாள் வந்தது. மொட்டைமாடிக் கண்ணாடிகளில் வெயிலைப் பிடித்து, முற்றத்துப் பெட்டியில் வெந்நீரும் மின்சாரமும் சேர்த்துத் தரும் இயந்திரம் நாசரேத்தில் அரங்கேறியது. அதைச் செய்த கிருபாநிதி வாத்தியார் குழாயைத் திறந்தார், ஆவி பறந்தது. பல்பும் எரிந்தது.

பார்க்க வந்திருந்த கல்வி அதிகாரி அவருக்கு மாலை போட்டார். "பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு வைக்கச் சொல்லி டெல்லிக்கே எழுதுதேன், சார்!"

அன்று மாலை ஜெபத்தில் வாத்தியாரின் மனைவி இன்பமணி விம்மினாள். "நீங்க தலைகுனிஞ்சிரக் கூடாதேன்னு, அடுப்புல காய்ச்சின வெந்நிய நாந்தான் பெட்டியில ஊத்துனேன். ஆண்டவர் மன்னிப்பாரா?"

வாத்தியார் வேதப் புத்தகத்தை மூடி வைத்தார். "அழாத ஏளா. பல்புக்கு நானும் ரேடியோ பேட்டரியத்தான் ஒளிச்சு வச்சேன்."

"அப்போ வெயில் ஒண்ணுமே செய்யலியா?"

இருவரும் மாடியேறிப் பார்த்தார்கள்.

கண்ணாடிகளின் மேல் தூசிக்காகப் போர்த்திய சாக்கை யாரும் எடுக்கவே இல்லை.