லாக்-அவுட் பூட்டு

கைக்குட்டைக்காகப் பேன்ட் பையில் கைவிட்டான். சாவி தட்டுப்பட்டது.

வீட்டுச் சாவி இல்லை. வண்டிச் சாவியும் இல்லை. சிவப்பு நாடா கட்டிய சின்னச் சாவி.



அதன் பூட்டு ஆலையிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. மிக்சரின் மெயின் சுவிட்சில்.

கம்பெனி பஸ் நாமக்கல் ரோட்டில் ஏறிவிட்டிருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் அதற்குள் குறட்டை விட ஆரம்பித்திருந்தார். கொடுத்து வைத்தவர்.

மாட்டுத்தீவனம் கலக்கும் மிக்சர் அது. ஓர் அறை அளவுக்குத் தொட்டி, உள்ளே சுழலும் இரும்புத் துடுப்புகள். பழுது பார்க்க ஆள் உள்ளே இறங்கியாக வேண்டும். இறங்கும் முன் சுவிட்சை அணைத்து, அவரவர் பூட்டை அதில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் அவரவரே திறக்க வேண்டும். அடுத்தவர் கை படக்கூடாது.

அதற்குப் பெயர் லாக்-அவுட்.

நோட்டீஸ் போர்டில் அந்தச் சொல்லை முதலில் பார்த்த அன்று, ஆலையை இழுத்து மூடப்போகிறார்கள் என்று நாலு பேர் யூனியன் ஆபீசுக்கு ஓடினார்கள். பயிற்சி கொடுக்க வந்த அம்மா சிரிக்கவில்லை. பூட்டு தொங்கினால் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான் என்றார்.

ஒரு பூட்டுக்கு ஓர் ஆள்.

பர்மனென்ட் ஆட்களுக்குத்தான் பூட்டு வந்தது. இவனைப் போன்ற ஃபிட்டர்களுக்கு. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அடுத்த மாதம் என்றார்கள். அந்த அடுத்த மாதம் இன்னும் வந்தபாடில்லை.

சென்னியப்பன் காண்ட்ராக்ட். இவனைவிடப் பத்து வயது மூத்தவர். பேரிங் மாற்ற இரண்டு பேர் வேண்டும். என் பூட்டுதான் தொங்குதே, வாங்கண்ணா என்று அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனது இவன்தான். இன்று மட்டுமல்ல, எப்போதும் அப்படித்தான்.

எப்போதும் ஒன்றாகவே வெளியே வருவார்கள்.

இன்று பஸ் ஹாரன் முந்திக்கொண்டது. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு பஸ் கிடையாது, ஷிஃப்டும் நீளம். நீ போ, நான் எல்லாத்தையும் பொறுக்கிட்டு வர்றேன் என்றார் அவர், தொட்டியின் அடியில் இருந்தபடியே. ஒரு வாஷரைக்கூட விட்டுவிட்டு வரமாட்டார். தீவனத்தில் இரும்பு கலந்தால் எங்கோ ஒரு மாடு சாகும் என்பார்.

இவன் தொட்டியிலிருந்து ஏறினான். ஓடினான். பூட்டை மறந்தான்.

வந்திருப்பார். இந்நேரம் கைகழுவி டீ குடித்துக்கொண்டிருப்பார்.

வந்திருப்பார்.

சாவியின் பல் உள்ளங்கையில் அழுந்தியது.

அவருக்குப் போன் போடலாம் என்றால் வேலை நேரத்தில் எல்லோருடைய போனும் கேட் அருகே லாக்கரில் கிடக்கும். என்றாலும் கூப்பிட்டான். அடித்து அடித்து ஓய்ந்தது.

உடனே இவனுடைய போன் அடித்தது. சூப்பர்வைசர் நாச்சிமுத்து.

"ஏப்பா, பூட்டத் தொங்க உட்டுட்டுப் போயிட்டயே! மேனேஜர் என் தலை மேல நிக்கிறாரு. உள்ள எட்டிப் பாத்தாச்சு, ஆருமில்ல. நீ வெளிய வந்துட்டேன்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு. பூட்ட வெட்டிட்டு மெஷின ஓட்டறோம்."

விதி அதுதான். சாவிக்காரன் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால், அவன் வாயால் ஒரு வார்த்தை. நான் வெளியே இருக்கிறேன்.

அது உண்மையும்கூட. ஜன்னலுக்கு வெளியே புளியமரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஆனால் மேலிருந்து எட்டிப் பார்த்தால் தொட்டியின் பாதிதான் தெரியும். ஷாஃப்டுக்குக் கீழே மல்லாந்து கிடப்பவன் தெரியமாட்டான். காதில் பஞ்சு வைத்திருப்பவனுக்குக் கூப்பிட்டாலும் கேட்காது. அங்கே வேலை செய்தவனுக்குத்தான் அது தெரியும்.

சென்னியப்பன் அங்கே இருக்கிறாரா என்று கேட்டுவிடலாம்.

கேட்டால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஒரு பூட்டில் இரண்டு பேரை இறக்கியவனுக்கு வேலை கிடையாது. இறங்கிய காண்ட்ராக்ட் ஆளைக் கேட்டோடு அனுப்பிவிடுவார்கள். இவனுக்கு இன்னொரு ஆலை கிடைக்கும். அந்த வயதில் அவரை யார் எடுப்பார்கள்?

வந்திருந்தால், ஒன்றுமில்லாததற்கு அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டதாகிவிடும்.

வந்திருக்காவிட்டால்?

பயமாக இருந்தது. வாய்விட்டு அழுதுவிடலாம் போல இருந்தது.

"என்னப்பா, கேக்குதா? வெளியதான இருக்கற?"

அந்தப் பக்கம் இரும்போடு இரும்பு உரசியது. போல்ட் கட்டரைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

எழுந்து நின்றான்.

"இல்லீங் சார். நான் இன்னும் உள்ளதானுங்க இருக்கறேன்."

பஸ் ஒரு லாரியை முந்தியது. டிரைவர் ஹாரனை அழுத்திய அழுத்தில் பக்கத்து சீட்டுக்காரரே விழித்துக்கொண்டார். நாச்சிமுத்துவுக்கும் கேட்டிருக்கும்.



அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து யாரிடமோ சொன்னார். கட்டரைக் கீழே வை. ஒருத்தரும் சுவிட்சுப் பக்கம் போகக்கூடாது.

திரும்பி வந்த குரல் இறங்கியிருந்தது. உள்ளே இருப்பது யார் என்று அவர் கேட்கவில்லை.

நீ வெளியே வரும்வரைக்கும் நான் இங்கேயே நிற்கிறேன் என்றார்.

இவன் நிறுத்தச் சொன்னதும் டிரைவர் திட்டிக்கொண்டே ஓரங்கட்டினார். இவன் இறங்கினான். ஆலைப் பக்கம் போகும் எந்த வண்டியாக இருந்தாலும் சரி என்று, சாவி இருந்த கையை உயர்த்தி ரோட்டுக்கு நடுவில் போய் நின்றான்.