ஈரலுக்கு அறுபதாம் கல்யாணம்

கைக்கடிகாரங்கள் ஒவ்வோர் உறுப்பின் வயதையும் தனித்தனியாகக் காட்டத் தொடங்கியபோது என் கணவர் சண்முகவேலுக்கு நாற்பத்திரண்டு. அவருடைய ஈரலுக்கு ஐம்பத்தெட்டு.

"தினமும் ரெண்டு பெக்குதானே போடுதேன்? அவரு நமக்கு மூத்தவரு, மரியாதையாப் பேசு" என்று என்னிடம் சிரித்தார்.

மறுவருடம் ஈரலுக்கு அறுபது ஆனது. கூட்டாளிகள் விடவில்லை. 'மாப்பிள்ளையின் ஈரலுக்கு அறுபதாம் கல்யாணம்' என்று தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்து, மொட்டைமாடியில் எங்கள் இருவரையும் மாலை மாற்றவைத்தார்கள்.

"நெசமான அறுபதுக்கும் எங்களுக்குச் சோறு போடணும், மைனி" என்றார் அவர் நண்பர் பிச்சுமணி.

"அதுக்கு இவுக இருக்கணும்லா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் அதிகம் சிரித்தார். அன்றும் ஊற்றினார்கள்.

அடுத்த ஆடியில் அவர் இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்குப் படம் கேட்டு பிச்சுமணி வந்தார். மாடியில் மாலை மாற்றியபோது எடுத்த படத்தில், பக்கத்தில் இருந்த என்னை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுத்தேன். மாலை ஏற்கெனவே அதில் இருந்தது.

"வயசு என்னன்னு போட, மைனி?" என்று கேட்டார்.

"நாப்பத்து நாலு" என்றேன். "இந்தத் தடவையாவது அவுக வயசைப் போடுங்க."